கரடி நடமாடும் மலையில் ஏரி வரை ஒரு சின்ன நடை: செட்டிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். ஆனி, ஆடியில் பெற்றவர்கள் கிளம்பிப் போவார்கள், பேரப்பிள்ளைகளுக்கு அப்போது கோடை விடுமுறை, எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு யெல்லோஸ்டோன் பார்க்கப் போவது பல குடும்பங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. யெல்லோஸ்டோனுக்கு நேர் தெற்கே இருக்கிறது கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா. அங்கே டாகர்ட் ஏரி என்று ஒரு மலை ஏரி. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒன்றரை மைல்தான். ஆனால் அது கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் வாழும் காடு.

"வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கெல்லாம் போகலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், தாராளமாகப் போகலாம். ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கரடி எதிரே வந்து நின்ற பிறகு நம்மால் செய்ய முடிவது கொஞ்சம். அது நம் எதிரே வராமல் இருக்கச் செய்ய முடிவது நிறைய. அந்த நிறைய வேலையும் சமையல்கட்டிலும் கார் பார்க்கிங்கிலும் நடக்கும் தூரத்திலும்தான் நடக்கிறது, அதற்குத் தைரியம் வேண்டாம், பழக்கம் போதும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஏன் டாகர்ட் ஏரி

அந்தப் பக்கத்தில் ஏரிகள் பல உண்டு. பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். போக வர மூன்று மைல், அதாவது ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றம் மொத்தம் 360 அடி போல. நல்ல நடைக்காரர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். நம் வீட்டுப் பெரியவர்களோடு போனால், நின்று மூச்சு வாங்கி, படம் எடுத்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்ப நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால்தான் கால் இடறும்.

ஏரி 6,902 அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய இதே உயரம்தான், அதனால் கொடைக்கானலில் சிரமமில்லாமல் நடந்தவர்களுக்கு இங்கேயும் உயரம் பெரிய பிரச்சினையாக இருக்காது. ஆனால் நாம் கடல் மட்டத்துக்கு அதிகம் மேலே இல்லாத சமவெளிக்காரர்கள், ஆகவே இறங்கிய அன்றே நடக்கப் போகாமல் ஒரு நாள் பூங்காவுக்குத் தெற்கே இருக்கும் ஜாக்சன் ஊரிலோ பூங்காவுக்குள்ளோ தங்கி, தண்ணீர் நிறையக் குடித்து, மறுநாள் நடங்கள்.

பழைய பனியாறு மலைப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வந்து, கல்லையும் மண்ணையும் வரம்புபோலக் குவித்துவிட்டு உருகிப் போனது. அந்த வரம்புக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரி. 1872இல் இந்தப் பகுதியை ஆராய வந்த ஹேடன் ஆய்வுக் குழுவில் இருந்த டாகர்ட் என்ற நிலவியலாளர் பெயரை வைத்தார்கள். ஏரிக்கரையில் நின்றால் 13,775 அடி கிராண்ட் டீட்டன் சிகரம் நேராக மேலே தெரியும். இடையில் சின்னக் குன்றுகள் எதுவும் இல்லாமல் தரையிலிருந்து சட்டென்று எழும் மலை அது, அந்தக் காட்சிக்காகவே போகலாம்.

ஊரிலேயே தொடங்குங்கள்

விமானம் ஏறுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே நடக்க ஆரம்பித்துவிடுங்கள். சமதரையில் ஐந்து கிலோமீட்டர் களைப்பில்லாமல் நடக்க வர வேண்டும், அதுதான் முதல் இலக்கு. அப்புறம் வாரத்தில் ஓரிரு நாள் குன்றக்குடி போய் சண்முகநாதர் கோயில் படிகளை மெதுவாக ஏறி இறங்குங்கள்; ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும், அதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. சிங்கம்புணரி பக்கம் போகிறவர்கள், கால் நன்றாகப் பழகிய பிறகு, பிரான்மலையில் முடிந்த மட்டும் ஏறிப் பாருங்கள். பாரி ஆண்ட பறம்புமலை அது, கல்லும் கரடுமான பாதை என்பதால் டாகர்ட் பாதைக்கு அது தேவைக்கு அதிகமான பயிற்சியே. அங்கே ஏறி இறங்க முடிந்தவருக்கு இங்கே கவலை இல்லை.

செருப்பில் நடக்கவே நடக்காதீர்கள். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூவை இங்கேயே வாங்கி, இங்கேயே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். புது ஷூவோடு மலையேறினால் பாதி வழியில் குதிகால் கொப்பளிக்கும். ஆச்சிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: சேலை அன்று ஒருநாள் வேண்டாம். சுடிதாரோ டிராக் பேண்டோ போட்டுக்கொள்ளுங்கள். காரணம் அழகு சம்பந்தப்பட்டதல்ல, பாதையில் மர வேரும் கல்லும் உண்டு, கொசுவம் மிதிபட்டு விழுந்தால் இடுப்பெலும்பு விஷயம். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கி வைக்கும் நடைக்கோல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்காமல் யாரும் கிளம்ப வேண்டாம், அதில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பிள்ளையை விட்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். மாத்திரைகள் மருந்துச் சீட்டோடு கைப்பையில். இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் "ஏழாயிரம் அடி உயரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடக்கலாமா" என்று அதே வார்த்தையில் கேளுங்கள், "அமெரிக்கா போகலாமா" என்று கேட்டால் வேறு பதில்தான் வரும்.

எப்போது, எவ்வளவு செலவு

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பூங்காவின் உள்சாலையான டீட்டன் பார்க் ரோடு டாகர்ட் நிறுத்துமிடத்துக்கு வடக்கே கார்களுக்கு மூடப்படும், பாதையிலும் பனி கிடக்கும், அது வேறு வகைப் பயணம். ஜூனில் போனால் காட்டுப்பூக்கள் இருக்கும், கூடவே கொசுவும் இருக்கும். ஆகஸ்ட் பாதிக்கு மேல் கொசு குறையும், ஆனால் கரடிகள் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் விடாமல் தின்று கொழுக்கும் பருவம் தொடங்கும். அப்போது கரடிக்கு நாளெல்லாம் தீனி நினைப்புதான், காட்டுப் பெர்ரிச் செடிகள் பழுத்திருக்கும் இடமெல்லாம் அது இருக்கக்கூடும், தலையைப் புதருக்குள் விட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது நாம் வருவதைக் கவனிக்கவும் கவனிக்காது. பயந்து தேதியை மாற்ற வேண்டியதில்லை. சத்தம் போட்டுக்கொண்டு நடப்பதில் மட்டும் அந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

பூங்காவுக்குக் கார் ஒன்றுக்கு ஏழு நாளைக்கு 35 டாலர். அதற்கு மேல் ஒரு செய்தி இருக்கிறது, நம்மவர்களை நேராகத் தொடுவது அதுதான். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். ஊரிலிருந்து போன இரண்டு பேர் இரண்டு பூங்காவையும் பார்ப்பதென்றால் பாஸ்தான் சிக்கனம் என்பது கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு பாஸ் காரில் எத்தனை பேருக்குச் செல்லும், எந்த அடையாள அட்டை கேட்பார்கள் என்பதைப் பூங்காவின் இணையப் பக்கத்தில் அந்த வாரமே பார்த்துவிட்டுப் போங்கள். வாசலில் வரிசையில் நின்றுகொண்டு கணக்குப் பார்க்க முடியாது.

நிறுத்துமிடம் சின்னது. கோடையில் காலை எட்டு, எட்டரைக்கெல்லாம் போய்விட்டால் நல்லது. ஆனால் விடியற்காலை இருட்டில் போகாதீர்கள். விடியலும் அந்தியும் கரடிகள் அதிகம் நடமாடும் நேரம். மதியத்துக்கு மேல் ஜூலை, ஆகஸ்டில் இடி மின்னல் மழை அடிக்கடி வரும், அதனால் மதியச் சாப்பாட்டுக்குள் காருக்குத் திரும்பிவிடும் மாதிரி திட்டமிடுங்கள்.

பியர் ஸ்ப்ரே

இது மிளகாயின் காரச் சத்தை அழுத்தத்தில் அடைத்த டப்பா. கேப்சைசினும் அதன் கூட்டாளிச் சத்துகளும் 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். கரடியின் கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் கொஞ்ச நேரம் எரிய வைத்துத் திருப்பி அனுப்பிவிடும், நிரந்தரக் காயம் செய்யாது. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்ன மிளகு ஸ்ப்ரே இதற்குப் பதிலாகாது. கரடிக்கென்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும்.

விமானத்தில் கொண்டுபோக முடியாது. கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. ஆகவே ஜாக்சன் போய்தான் வாங்க வேண்டும், விலை 40, 50 டாலர் அளவில் இருக்கும், நாள் வாடகைக்கும் கிடைக்கிறது. ஒரே நாள் நடைக்கு வாடகை போதும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் வெடிக்கும்.

வாங்குவது எளிது, கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதுகுப் பையின் அடியில், சப்பாத்திப் பொட்டலத்துக்குக் கீழே இருக்கும் டப்பா இல்லாத டப்பாதான். கிரிஸ்லி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும், பை ஜிப்பைத் திறக்க அது நேரம் தராது. இடுப்பு பெல்ட்டிலோ மார்புப் பட்டையிலோ உறையில் மாட்டியிருக்க வேண்டும். குடும்பம் பெரிதென்றால் இரண்டு டப்பா, ஒன்று முன்னால் போகிறவரிடம், ஒன்று கடைசியில் வருகிறவரிடம். மகனிடம் மட்டும் இருந்து, மகன் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? கடையில் காற்று மட்டும் அடைத்த பயிற்சி டப்பா இருந்தால் கேட்டு வாங்கி, பெரியவர்கள் உட்பட எல்லோரும் ஒருமுறை கொக்கியை எடுத்து அழுத்திப் பாருங்கள்.

அழுத்தும் முறை இது: பாதுகாப்புக் கொக்கியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து எடுங்கள். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, சற்றுக் கீழ்நோக்கிக் காட்டுங்கள். கரடி 30, 40 அடி தூரத்துக்குள் பாய்ந்து வரும்போது இரண்டு மூன்று விநாடி விடாமல் அடியுங்கள். கரடியின் மூக்கைக் குறிபார்க்க வேண்டியதில்லை, உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு மேகம் எழும்ப வேண்டும், அது அதற்குள் ஓடி வர வேண்டும். நூறடி தூரத்திலேயே பதறி அடித்துவிட்டால் காற்றில் போய்விடும். எதிர்காற்று என்றால் நம் கண்ணுக்கும் கொஞ்சம் வரும், அதற்காக அடிக்காமல் இருக்காதீர்கள்.

கொசு மருந்துபோல உடம்பிலோ பையிலோ தெளித்துக்கொண்டால் கரடி வராது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நமக்கே எரியும், அதோடு காய்ந்துபோன அந்த வாசனை கரடியைக் கிட்டே கூட்டிவரவும் செய்யும்.

என்ன சாப்பிட எடுத்துப்போவது

நம் ஊர்க்காரர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் எங்கே போனாலும் தூக்குச்சட்டியோடு போகிறவர்கள். கரடியின் மோப்பம் நாயையும் மிஞ்சும். அதற்காகப் பட்டினியாகப் போக வேண்டாம், அளவோடு போங்கள்.

நான் சொல்வது சீடை, தேன்குழல், மாவுருண்டை, வேர்க்கடலை, ஆளுக்கு இரண்டு சப்பாத்தி. சிந்தாதது, ஒழுகாதது, கை கழுவத் தண்ணீர் கேட்காதது. புளியோதரை வேண்டுமானால் சின்ன டப்பாவில், இறுக்கமான மூடி போட்டு. கோழி வறுவல், கருவாட்டுத் தொக்கு எல்லாம் தங்கும் இடத்தில் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து எடுத்துப்போகும் பலகாரங்களை விமான நிலையத்தில் கேட்கும் படிவத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இறைச்சியும் பழமும் கொண்டுபோகாதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், இருந்தாலும் வடிகட்டாமல், கொதிக்க வைக்காமல் குடித்தால் வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றலாம்.

காரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலை. மீதிச் சாப்பாடு, ஐஸ் பெட்டி, குழந்தையின் பால் பாட்டில், சமைத்த பாத்திரம், பற்பசை, வாசனைத் தைலம் எல்லாம் காருக்குள் கண்ணில் படாமல் வைத்து, கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, பூட்ட வேண்டும். பூங்காவின் விதியே அது. நிறுத்துமிடத்து மேசையில் ஒரு பையை வைத்துவிட்டு "இதோ அஞ்சு நிமிஷம்" என்று போகக் கூடாது. மனிதர் சாப்பாட்டை ஒருமுறை ருசி பார்த்த கரடி மறுபடி மனிதர்களைத் தேடி வரும், வரவர பயம் விட்டுப்போகும், கடைசியில் பூங்காக்காரர்கள் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். நாம் விட்டுவந்த அரைத் துண்டு அதிரசத்துக்கு அந்த மிருகம் உயிரைக் கொடுக்கிறது. எனக்கு இந்த வழிகாட்டி முழுவதிலும் மனதை உறுத்துகிற விஷயம் இதுதான். கரடியால் நமக்கு வரும் ஆபத்தைவிட நம்மால் கரடிக்கு வரும் ஆபத்து பெரிது.

நடை

டீட்டன் பார்க் ரோட்டில் மூஸ் என்ற இடத்திலிருந்து வடக்கே மூன்று மைல் போல. நிறுத்துமிடத்தில் கழிப்பறை உண்டு, அங்கேயே போய்விட்டு வந்துவிடுங்கள், வழியில் இல்லை. பலகையில் அண்மையில் எங்கே கரடி தென்பட்டது, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று ஒட்டியிருப்பார்கள், அதைப் படிக்காமல் காலை எடுத்து வைக்காதீர்கள். மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள், அடுத்த ஏரிக்குப் போகலாம். செல்போன் சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் சமதரை, வெள்ளைச்சாம்பல் நிறப் புதர்வெளி, நிழல் கிடையாது. தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரத்தில் ஓடையின் மேல் பாலம், அருகே தண்ணீர் பாறைகளில் இறங்கி ஓடும், பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஏற்றம் தொடங்குகிறது. 1985இல் இந்தச் சரிவு காட்டுத்தீயில் எரிந்தது. இப்போது நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை அதன் பிறகு முளைத்தவை. 1.1 மைல் போல வந்ததும் பாதை பிரியும், வலது பக்கம் பிராட்லி ஏரிக்கு, இடது பக்கம் டாகர்ட்டுக்கு, பலகை இருக்கும்.

இப்போது நடக்கும் முறைக்கு வருகிறேன். கரடி தாக்கும் சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் காரணம் ஒன்றுதான்: திடீரென்று, மிக நெருக்கத்தில், எதிர்பாராமல் சந்தித்துவிடுவது. 2024 மே மாதம் இதே பூங்காவின் சிக்னல் மலையில் அப்படித்தான் நடந்தது. தனியாக நடந்துகொண்டிருந்த ஒருவர் குட்டியோடு இருந்த தாய்க் கிரிஸ்லியின் பக்கத்தில் போய்விட்டார். அது பாய்ந்தது. அவர் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டார், கடிக்கும்போது அவரிடமிருந்த ஸ்ப்ரே டப்பாவில் அதன் பல் பட்டு வெடித்ததும் அது ஓடிவிட்டது. அவர் பிழைத்தார். கரடி தன் குட்டியைக் காக்கத்தான் அப்படிச் செய்தது என்பதால் பூங்காக்காரர்கள் அதை ஒன்றும் செய்யவில்லை.

அதனால் பேசிக்கொண்டே நடங்கள், அதிலும் உரக்க. நம்மவர்களுக்கு இது கஷ்டமான காரியமே இல்லை. ஊர்க் கதை, கல்யாணப் பேச்சு, பங்காளி வீட்டு விவகாரம் எதையாவது பேசிக்கொண்டே போகலாம். நடுநடுவே கையைத் தட்டி "ஏய், ஏய்" என்று நீளமாகக் கூவுங்கள். கரடிக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுதான், மனிதக் குரல் வருகிறது என்று தெரிந்தால் அதுவே விலகிப் போய்விடும். குறிப்பாக மூன்று இடங்களில் குரலை உயர்த்துங்கள்: ஓடை இரைச்சல் உள்ள இடம், வளைவுக்கு அப்பால் தெரியாத இடம், பாதையோரம் புதர் அடர்ந்த இடம். காற்று எதிரே அடித்தால் நம் வாசனையும் அதற்குப் போகாது, அப்போதும். பையில் கட்டும் சின்ன மணி விற்பார்கள், அதை நம்பாதீர்கள், அந்தச் சத்தம் போதாது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதும் வேண்டாம், மற்றவர்களுக்குத் தொந்தரவு, கரடி எழுப்பும் சத்தமும் நம் காதில் விழாது. காதில் ஹெட்போன் கூடவே கூடாது.

சேர்ந்தே நடங்கள். பேரன் நூறடி முன்னால் ஓட, அப்பத்தா நூறடி பின்னால் வர, நடுவில் மற்றவர்கள் சிதறி நடப்பது நம் குடும்பங்களில் எப்போதும் நடப்பது. அங்கே அது கூடாது. மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள், மற்றவர்கள் அவர் வேகத்துக்குப் பின்னால் வரட்டும், குழந்தைகள் பெரியவர்களுக்கு நடுவில். பாதையில் புதுச் சாணம், தோண்டிய மண், காக்கைகள் கூடிச் சத்தமிடும் இடம், செத்த மிருகத்தின் நாற்றம் இவற்றில் எது தென்பட்டாலும் நிற்க வேண்டாம், பார்க்கப் போக வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். இரையைக் காக்கும் கரடி எதற்கும் விட்டுக்கொடுக்காது.

மூஸ் என்ற மிருகம் பற்றியும் ஒரு வார்த்தை. எருமையைவிட உயரமான மான் இனம், இந்த ஓடையோரங்களில் அடிக்கடி நிற்கும். சாதுவாகத் தெரியும், ஆனால் கன்றோடு இருக்கும் தாய் மிதித்துவிடும். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜ தூரம், மற்ற விலங்குகளுக்கு 25 கஜம், இது விதி. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள், விரல் மிருகத்தை முழுதாக மறைத்தால் தூரம் போதும், மறைக்காவிட்டால் பின்னால் வாருங்கள்.

ஏரிக்கரையில்

தண்ணீர் சில்லென்று இருக்கும், கால் நனைக்கலாம், நீந்துவது எல்லோருக்கும் ஆகாது. சாப்பிடும்போது பையைத் தோளை விட்டு இறக்கினாலும் கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள், படம் எடுக்கக் கொஞ்சம் தள்ளிப் போகிறவர் தன் பையையும் எடுத்துக்கொண்டே போகட்டும். அணில் போன்ற குட்டிப் பிராணிகள் கையருகே வந்து கெஞ்சும். ஒரு கடலைகூடப் போடாதீர்கள்.

தூக்குச்சட்டியை ஏரியில் அலச வேண்டாம், சோற்றுப் பருக்கையைக் கரையில் கொட்ட வேண்டாம். குடிதண்ணீர் ஊருணியில் காலை வைத்தால் நம் ஊரில் எப்படிச் சத்தம் போடுவோமோ, அந்த மரியாதையை அந்த ஏரிக்கும் கொடுங்கள். காசு போடுவது, பூ மிதக்க விடுவது, கற்பூரம் ஏற்றுவது எதுவும் வேண்டாம், மனதுக்குள் கும்பிட்டால் போதும். ஆரஞ்சுத் தோல், டிஷ்யூ, சீடைத் துகள் விழுந்த கவர் எல்லாம் பைக்குள் திரும்பி வர வேண்டும்.

கரடியைப் பார்த்துவிட்டால்

ஓடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில் இது. ஓடுகிற எதையும் அது துரத்தும். நாயையும் குரங்கையும் விரட்டக் கல்லெடுக்கும் கை நமக்கு, அந்தக் கையை அடக்குங்கள். சாப்பாட்டை வீசி எறிந்து கவனத்தைத் திருப்பலாம் என்பதும் தவறு. மரத்தில் ஏறலாம் என்பதும் தவறு, கருங்கரடி நம்மைவிட வேகமாக ஏறும்.

தூரத்தில் இருக்கிறது, நம்மைப் பார்க்கவில்லை என்றால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். பார்த்துவிட்டது என்றால் எல்லோரும் ஒன்றாக நெருங்கி நில்லுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், ஸ்ப்ரேயைக் கையில் எடுத்துக் கொக்கியை விலக்குங்கள், தாழ்ந்த நிதானமான குரலில் பேசிக்கொண்டே, முகம் அதன் பக்கம் இருக்க, பின்னோக்கி மெதுவாக நகருங்கள். கண்ணோடு கண் முறைக்காதீர்கள். நிமிர்ந்து இரண்டு காலில் நிற்கும் கரடி தாக்கப் போகிறது என்று அர்த்தமில்லை, என்னவென்று மோந்து பார்க்கிறது. புஸ்ஸென்று மூச்சு விடுவது, தாடையைக் கடகடவென்று அடிப்பது, தரையை அறைவது இவைதான் "கிட்டே வராதே" என்ற எச்சரிக்கை. பல நேரம் பாய்கிற மாதிரி வந்து பாதியில் நின்று திரும்பிவிடும். அப்போதும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நெருங்கி வந்தால் ஸ்ப்ரே.

ஸ்ப்ரேயும் பலிக்காமல் மேலே வந்து விழுந்தால் என்ன செய்வது என்பது கரடியைப் பொறுத்தது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கருங்கரடியிலேயே பழுப்பும் செம்பட்டையும் உண்டு. கிரிஸ்லிக்கு இரண்டு தோளுக்கு நடுவே திமில் மாதிரி மேடு இருக்கும், முகம் நடுவில் குழிந்திருக்கும், காது குட்டை, நகம் நீளம். கருங்கரடிக்குத் திமில் இல்லை, மூக்கு நேராக இறங்கும், காது நிமிர்ந்திருக்கும். கிரிஸ்லி தற்காப்புக்காகத் தாக்கி உடம்பில் பட்டால், பட்ட பிறகுதான், குப்புறப் படுத்து, விரல்களைப் பின்கழுத்தில் கோத்து, கால்களை அகட்டி, முதுகுப் பையைக் கழற்றாமல் அசையாமல் கிடக்க வேண்டும். பை முதுகைக் காக்கும். அது போன பிறகும் சில நிமிஷம் எழுந்திருக்கக் கூடாது. கருங்கரடி தாக்கினால் படுக்கக் கூடாது, கோல், கல், கை எது கிடைத்தாலும் முகத்தில் அடித்துப் போராட வேண்டும். எந்தக் கரடியானாலும், பயந்து பாயாமல், நிதானமாக நம்மைப் பின்தொடர்ந்து வந்து தாக்கினால், அதுவும் போராட வேண்டிய சமயம்தான்.

இந்த விதிகளை அப்படியே கொடைக்கானலுக்கும் கோத்தகிரிக்கும் எடுத்துவராதீர்கள். நம் மலைகளில் இருப்பது வேறு இனம், கறையான் புற்றைத் தோண்டித் தின்னும் கரடி, எதிர்பாராமல் நெருங்கினால் மூர்க்கமாகத் தாக்கும். நம் காடுகளில் வனத்துறை அனுமதியும் அவர்கள் அனுப்பும் வழிகாட்டியும் இல்லாமல் நடக்கவே கூடாது.

திரும்பும்போது

கரடியைப் பார்த்திருந்தால், எவ்வளவு தூரத்தில் என்றாலும், பூங்கா ரேஞ்சரிடம் இடமும் நேரமும் சொல்லிவிடுங்கள், அடுத்து வருகிறவர்களுக்குப் பலகையில் எழுதுவார்கள். பாதையைவிடச் சாலையோரத்தில்தான் கரடி தென்பட வாய்ப்பு அதிகம். கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் காருக்குள் இருந்தபடியே பாருங்கள், நடு ரோட்டில் நிறுத்தாதீர்கள். பொழுது சாய்ந்தபின் மெதுவாக ஓட்டுங்கள், பூங்காவுக்குள் போகும் நெடுஞ்சாலையில் இரவு வேக வரம்பு மணிக்கு 45 மைல். 399 என்ற எண்ணால் உலகம் முழுக்கத் தெரிந்த கிரிஸ்லி இந்தப் பூங்காவில்தான் சாலையோரமாகக் குட்டிகளை வளர்த்தது, 2020இல் ஒரே ஈற்றில் நான்கு குட்டிகளோடு வெளியே வந்தது. 2024 அக்டோபரில் ஜாக்சனுக்குத் தெற்கே கார் மோதிச் செத்தது, அப்போது அதற்கு 28 வயது.

வாடகை ஸ்ப்ரேயை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சொந்தமாக வாங்கியதென்றால் விமானம் ஏறும் முன் தங்கும் விடுதியிலோ பார்வையாளர் மையத்திலோ எங்கே ஒப்படைக்கலாம் என்று கேளுங்கள், அல்லது அடுத்து நடக்கப் போகும் வேறொரு குடும்பத்திடம் காலாவதித் தேதியைக் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.